இழுத்த எழுத்து

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ் பதினேழு நிமிஷம் தாமதம். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். “எழுத்தை இழுத்துட்டான்” என்று அந்த அம்மாள் மூன்று தடவை சொன்னதால்தான் காது கொடுத்தேன். அவள் மடியில் இறந்துபோன மகளின் படம், சட்டம் போட்டது. அடியில் இங்கிலீஷில், அகலமாக இழுத்த எழுத்தில், பெயரும் பிறந்த, இறந்த வருஷங்களும்.

“நீட்டா அழகாத்தான கீது?” என்றார் கணவர்.

“இது டைம்ஸ் ரோமன்ங்க. டிடிபி கடையில நாலு வருஷமா இதுலதான அடிச்சிக்கினு இருந்தா. வெளிநாட்டுல ஏதோ பேப்பர்காரங்க, கொஞ்ச எடத்துல நெறைய சேதி புடிக்கணும்னு ஒல்லியா செஞ்ச எழுத்தாம். மெல்லிசு, தடிப்பு, அடியில சின்னச் சின்ன பாதம், எல்லாம் அளவு பார்த்து வெச்சதாம். இழுத்தா கால் வீங்கினாப்ல ஆயிடும்னு வர்றவங்ககிட்ட சண்டை போடுவா.”

“இழுக்கலன்னா பாதி எடம் காலியா நிக்கும்னான் மே, படக் கடைக்காரன். படிப்பு, புருஷன் பேரு, புள்ளைங்க பேரு, எதனா சேத்துக்கலாமான்னு கேட்டான்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் இல்லன்னேன். அப்பறந்தான் இழுத்தான்.”

எண்ணிப் பார்த்தேன். பெயரில் நான்கு எழுத்து, வருஷங்களில் எட்டு இலக்கம்.

பஸ் பாகாலாவைத் தாண்டியது. பிறகு கணவர் சொன்னார்:

“திருப்பதியில வேற கடையில மாத்தி அடிச்சிக்கலாம். எடம்தான் காலியா தெரியும்.”

“தெரியட்டும்ங்க. அவளே ஒக்காந்து அடிச்சிருந்தாலும் அவ்ளோதான வந்திருக்கும்.”