முட்டுக்கட்டை

நின்றால் இடுப்பு கடுக்கிறது ஐயா, உட்கார்ந்தே சொல்கிறேன். இருபது வருஷமாக லாரிக்கு அடியில் படுத்து எழுந்த இடுப்பு.

போலீஸ் ரிப்போர்ட்டில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அதற்குக் கீழே, 'மெக்கானிக் இளையபெருமாள் டார்க் கன்வெர்ட்டரைச் சரியாகப் பொருத்தாததால்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையில் குறையில்லை.

அரியலூர் சுண்ணாம்புக்கல் குழிகளில் லோடோடு மேடு ஏறிக் கிளட்ச் கருகாத லாரி கிடையாது. எண்பத்திரண்டில், ஏலத்தில் வந்த டம்பரிலிருந்து கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸோடு கழற்றி, முதலாளி சிங்காரவேலுவின் லாரிக்கு மாற்றினேன். கிளட்ச் இல்லை, உள்ளே எண்ணெய்தான் சுற்றி இழுக்கும். அதிலும் எஞ்சின் நன்றாக வேகம் பிடித்த பிறகே இழுக்கிற ரகம். இழுக்க ஆரம்பித்தால் மேடு தெரியாது.

ஆயுதபூஜையன்று முதலாளி துண்டு போர்த்தியது அந்த லாரியை ஓட்டிய டிரைவர் கொளஞ்சிக்கு. என் தங்கை ராசாத்தியின் புருஷன்.

"வண்டி ஏறுறது கால்ல இருக்கு மச்சான், ஸ்பேனர்ல இல்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை.

மறுவாரம் ஒரு மத்தியானம், மேட்டின் நடுவே வண்டியை நிறுத்தி, எண்ணெய் சொட்டுகிறது என்று கூப்பிட்டான்.

"கொஞ்சம் குனிஞ்சு பாரு மச்சான்."

"இடுப்பு முடியல மாப்ள. நீயே பாரு."

"கெழவனாயிட்ட நீ. பர்ஸ்ட் கியர்ல போட்டுட்டேன், எங்க போயிடப்போவுது" என்று அடியில் நுழைந்தான்.

எங்கள் பக்கத்து லாரிகளில் கைப்பிரேக் பேருக்குத்தான். எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டால் வண்டி நிற்கும்; டிரைவர்கள் கையோடு ஊறிய பழக்கம் அது. கன்வெர்ட்டர் வண்டியில் எஞ்சின் அணைந்தால் கியர் பிடிக்காது, எண்ணெய் வழுக்கிவிடும். அந்த வண்டி நிற்காமல் ஏறியதால் அதுவரை அவன் மேட்டில் நிறுத்தியதே இல்லை. அவனுக்குத் தெரியாது. சொல்லவேண்டியவன் நான்.

பின்சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்து, சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்றில் முட்டி நின்றது. கியர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். அடியிலிருந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தான். சில்லு நொறுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பீடி பற்றவைத்து முடிக்கிற நேரம் ஆனது. முன்சக்கரம்தான் அவன்மேல் ஏறியது.

சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு வலி.

பிறகு பார்த்தேன், எண்ணெய் சொட்டியது கன்வெர்ட்டரிலிருந்து அல்ல. பழைய டீசல் குழாயிலிருந்து. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராசாத்தியும் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில்தான். மூன்று வேளையும் சோறு போடுகிறேன். யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கிறவன் இல்லை நான். கொளஞ்சிக்கு மட்டும் 'கட்டை போட்டுட்டு நுழைடா' என்ற ஒரு பேச்சு பாக்கி.