சட்டைப் பையில் இருந்தது

என் சட்டைப் பையில் நான் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. கம்பெனி அடையாள அட்டை, ஒரு பேனா, மடித்த கைக்குட்டை. நான்காவதாக இருந்ததை எடுத்து இந்த ஸ்டேஷன் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செய்யாற்றில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. ஆரணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் ஃபோனில் ஒரு கதைக் குழுவில் இருப்பேன். எட்டுப் பேர். ஆளுக்கொரு பாத்திரம். குழுவுக்குள் அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும், பழக வேண்டும். என் பாத்திரம் வேணுகோபால், மனைவியை இழந்தவன். என் மனைவி எழிலரசிக்கு ஆஸ்துமா இருந்தது. அதனால் வேணுகோபாலின் மனைவியும் ஆஸ்துமாவில் இறந்தாள். தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

எழில் ஒருநாள் அதைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை.

“நான் இங்க குத்துக்கல்லாட்டம் நின்னு தோசை ஊத்திகினு கீறேன். என்னைச் சாவடிச்சிட்டீங்களா? எத்தினி பேரு அழுதாங்க?”

“யாரும் அழல.”

“அப்போ உங்களுக்கு எழுத வரல. வுடுங்க.”

அவள் சொன்னது சரிதான். குழுவை நடத்திய சந்திரப்பிரபு பெரணமல்லூரில் பள்ளி ஆசிரியர். அவரும் அதையே சொன்னார்.

“பொண்டாட்டி செத்தவன் பேசற மாதிரி இல்ல தம்பி. பேப்பர்ல படிச்சவன் பேசற மாதிரி இருக்குது. அழுதான், அழுதான்னு எழுதாதீங்க. அவன் பாக்கெட்ல என்னா வெச்சிகினு இருக்கான்னு சொல்லுங்க.”

நல்ல யோசனை. மனைவியின் காலி இன்ஹேலரை வேணுகோபால் பையில் வைத்திருக்கிறான் என்று எழுதினேன். பிறகு, அதன் கனம் தெரியாமல் எழுதுவது நேர்மையில்லை என்று தோன்றியது. எழுத உட்காரும்போது எழிலின் இன்ஹேலரை அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவேன். ஒருமுறைகூட மறந்ததில்லை.

அன்று ஞாயிறு, காலை பதினொரு மணி. மனைவி இறக்கும் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழில் பரண் சுத்தம் செய்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வரும்போதே அவள் மூச்சில் விசில் கேட்டது. அலமாரியைத் தடவினாள். பிறகு கைப்பை, ஃப்ரிட்ஜின் மேல், தலையணைக்கு அடியில்.

“என்னாங்க, மருந்தப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன். அதைச் சொன்னது வேணுகோபால். அவன் மனைவி கேட்டபோதும் அவன் அப்படித்தான் சொன்னான்.

கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுக்கத்தான் இருந்தேன், அந்த ஒரு வரி முடிந்ததும். உதடு நீலமாகும் என்று எழுதியிருந்தேன். நீலம் இல்லை, சாம்பல். திருத்தினேன். கண்ணில் பயம் என்று எழுதியிருந்தேன். பயம் கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஒரு யோசனைபோல வருகிறது. அதையும் திருத்தினேன். அப்போது அவள் என் பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். நான் என் கையைக் கொடுத்தேன். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் எழுதி முடித்தேன்.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். அவர்கள் சீக்கிரமே வந்தார்கள், அவர்கள்மேல் குறையில்லை.

அவர்கள் வருவதற்குள் அந்தப் பகுதியைக் குழுவில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த சந்திரப்பிரபு, எழில் போன நேரத்தை என் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் ஃபோனை எடுத்து, அந்தப் பகுதி குழுவில் வந்த நேரத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் எழுதியதை அவர் முதல்முறையாக நம்பியிருக்கிறார். அதனால்தான் உங்களிடம் வந்தார்.

உங்கள் குறிப்பில் ‘இன்ஹேலர் ஒன்று, காலி’ என்று இருக்கிறது. ஒரு திருத்தம். அன்றைக்கு அது காலியாக இல்லை. இன்னும் நூற்றுப் பதினேழு முறைக்கு மருந்து இருப்பதாக அதன் பின்புறத்து எண் காட்டியது. ஆனால் வேணுகோபாலிடம் இருப்பது காலி என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். அடக்கம் முடிந்த மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து, நூற்றுப் பதினேழையும் ஒவ்வொன்றாகக் காற்றில் அழுத்தித் தீர்த்தேன்.

பொய் எழுதுகிறவன் இல்லை நான், சார்.