பேய்க் கொட்டகையில் என் கை முறிந்தது குறித்து

பெயர்: வெர்னா ஸ்டோல்ட்ஸ். வயது: 57. விலாசம்: மில் சாலை, கார்வெல், ஒஹாயோ மாநிலம். தொழில்: பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். டுவைட் புரூயிட் என்பவர் ஹாலோவீனை முன்னிட்டு ஒவ்வோர் அக்டோபரும் தன் பழைய மாட்டுக் கொட்டகையில் நடத்தும் பேய் வீட்டில், சீட்டு வாங்கி வருபவர்களைப் பயமுறுத்தும் வேலைக்குப் போகிறேன். எனக்குக் குழந்தைக் குரலில் பேச வரும் என்பதால், தொட்டிலும் பொம்மைகளும் வைத்த அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அறையின் பலகைச் சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவுக்குச் சந்து உண்டு. நான் அதில் நின்றுகொண்டு, முதலில் கயிற்றை இழுத்து எதிர்மூலையில் உள்ள தொட்டிலை ஆட்டுவேன். எல்லோரும் அங்கே திரும்பியதும் இந்தப் பக்கம் காதோரத்தில் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கத்தினால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். பேரைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். வாசலில் சீட்டுக் கிழிக்கும் மெர்ல் என்பவர் வரிசையில் நிற்பவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டு, அவர்கள் பேரை வாக்கி-டாக்கியில் எனக்குச் சொல்வார். வருபவர்களை நாங்கள் தொடுவதில்லை, அவர்களும் எங்களைத் தொடக்கூடாது.

சென்ற சனிக்கிழமை இருட்டத் தொடங்கியதும் மெர்ல் சொன்னார்: "வெர்னாக்கா, அடுத்து ஒரு புருஷன் பொண்டாட்டி வர்றாங்க. பச்சைத் தொப்பிக்காரன் பேரு லோனி. வரிசையில மோட்டார் ரம்பத்தை மூஞ்சிகிட்ட உறும விட்டும் கண்ணச் சிமிட்டல, மரக்கட்டை. உன் கைவரிசையக் காட்டு."

அதன் பிறகு அவர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். நான் தொட்டிலை ஆட்டினேன். மனைவி மட்டும் திரும்பினார். பிறகு நான் பலகை இடுக்கில் வாயை வைத்து, "லோனி, இங்க வா. லோனி, என்னைத் தூக்கு" என்று கூப்பிட்டேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

அவர் ஓடவில்லை. சுவரைக் கையால் தடவி, "ஜேஸ்?" என்றார். அதன் பிறகு பலகையைப் பிடித்து இழுத்தார், ஆணியோடு வந்துவிட்டது. தோள்வரை கையை உள்ளே விட்டு என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். "பிடிச்சுட்டேன், இந்தத் தடவ விடமாட்டேன்டா" என்றார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆபத்தென்றால் விளக்குகளைப் போடச் சந்தில் வைத்திருக்கும் பொத்தான் எனக்கு எட்டவில்லை. மனைவி, "லோனி, அது அவன் இல்ல, விடு" என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவர் காதில் விழவில்லை. சுவரோடு முகத்தை ஒட்டி, "குளிருதாடா?" என்று கேட்டார்.

ஏன் என் சொந்தக் குரலில் கத்தவில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி கேட்டதற்கு, தெரியவில்லை என்று சொல்கிறேன். அதே குழந்தைக் குரலில்தான், "இல்ல லோனி, குளிரல. கை வலிக்குது, விடு" என்றேன். அவர் உடனே விட்டுவிட்டார்.

அதன் பிறகு டுவைட் வந்து விளக்குகளைப் போட்டார். லோனி வைக்கோலில் உட்கார்ந்து, வெள்ளைப் பூச்சு பூசிய என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மனைவி டெனிஸ் என் கையில் ஐஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஜேஸ் தன் முதல் கணவருக்குப் பிறந்தவன் என்றும், லோனியை அப்பா என்று கூப்பிட்டதில்லை, பேர் சொல்லியே கூப்பிடுவான் என்றும், போன குளிர்காலத்தில் உறைந்திருந்த குளத்தின் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான் என்றும், லோனி பனிமேல் படுத்து அவன் கையைப் பிடித்ததில் கையுறை மட்டும் கழன்று வந்தது என்றும் சொன்னார். "அதுக்கப்புறம் இவருக்கு எதுவுமே உறைக்கறதில்ல. பயமாச்சும் வருதான்னு பாக்கத்தான் கூட்டியாந்தேன்" என்றார்.

லோனி டாக்கெட் என்னைத் தாக்கவில்லை. பிடித்தார், அவ்வளவுதான். அவர்மேல் வழக்கு எனக்கு வேண்டாம். இனி அந்த அறையில் நிற்க மாட்டேன் என்று டுவைட்டிடம் சொல்லிவிட்டேன்.

மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் என் விரல்கள் அன்று முதல் சில்லிட்டே இருக்கின்றன. ரத்த ஓட்டத்தில் குறையில்லை என்று டாக்டர் சொல்கிறார். இதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

இதில் கண்ட அனைத்தும் நடந்தது நடந்தபடி நான் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சரியாக உள்ளது.

(இடது கையால் ஒப்பம்)
வெர்னா ஸ்டோல்ட்ஸ்