கொடி நிறத்தில் நாலு மெழுகுவத்தி

"நாட்டுச் சின்னம்னு குடில்ல மாட்டுக்குப் பதிலாப் புலியக் கட்டாம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்!"

ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து சிடாம் கிரி போகும் பஸ். எனக்குப் பின் இருக்கையில், பூசை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். கோபப்பட்டவர் மூத்தவர்.

"கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரத்துக்கும் வாரம் ஒரு மெழுகுவத்தி. மூணு ஊதா, ஒண்ணு ரோஸ். அதானே முறை? உன் வீட்டுக்காரரு சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்னு வச்சிருக்காரு. இது கோயிலா, மெர்டேக்கா சுதந்திர நாள் ஊர்வலமா?"

"கடையில ஊதா முடிஞ்சிருச்சுக்கா. மெர்டேக்காவுக்கு வாங்குனது மண்டபத்துல மிச்சம் இருந்திச்சு. நம்ம கொடி கலர்தானே, ஃபாதரே சிரிச்சிட்டாரு லா."

"அவரு சிரிப்பாரு. நானும் இந்த மண்ணுல பொறந்தவதான், கொடிய மதிக்கிறவதான். ஆனா சாமிக்குன்னு ஒரு நெறம் இருக்குல்ல?"

"அதான் மஞ்சளக் கடைசி வாரத்துக்கு வச்சிருக்கோம். நம்ம நாட்டுல மஞ்சள் ராஜா கலரு. அது முடிஞ்சதும் பொறக்கப் போறது யாருக்கா?"

பஸ் ஒரு பாலத்தைக் கடந்தது.

"அப்ப மஞ்சள நான்தான் ஏத்துவேன்," என்றார் மூத்தவர். "வேற யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."