நேர்ந்துவிட்ட கிடாவின் கால் எலும்பு

நாள்: 22.09.2025. காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் திரு. ராஜாராம் முன்பு, யாரும் அழைக்காமல் தானே ஆஜரானவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

பெயர் அப்பாசாமி, வயது 47, த/பெ சதாசிவம், செல்லியம்மன் கோயில் தெரு, திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ஜோதிலட்சுமி, மகள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். செங்கல்பட்டுக்கு வெளியே உள்ள ஒரு ஆய்வு மையத்தில் ஆடுகளைப் பராமரிக்கும் வேலை செய்து வருகிறேன். அங்கே கீர்த்தனா என்கிற ஆராய்ச்சி மாணவி, புதுப்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொடித்து, அதனுடன் ஏதோ பசை சேர்த்து, கடற்பஞ்சு மாதிரி ஒரு துண்டு செய்கிறார். எலும்பு உடைந்து பள்ளமான இடத்தில் அதை வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு புது எலும்பு வளரும் என்றும், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரிதான் என்றும், எலும்பு வளர வளரச் சாரம் தானாகக் கரைந்துவிடும் என்றும் எனக்குச் சொல்லியிருக்கிறார். படித்தவர்கள் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாக எதையும் சொன்னதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் புதிய கலவையைச் சோதிக்க ஒரு கிடா தேவைப்பட்டது. என் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கறுப்புக் கிடாக்கள் இருந்தன. மனைவி தாய் வீடு போயிருந்த சமயத்தில் அதில் ஒன்றை மையத்துக்கு விற்றேன். அதன் பிறகு அதற்கு மயக்க மருந்து கொடுத்து, பின்னங்கால் எலும்பில் ஓட்டை போட்டு, அந்தச் சாரத் துண்டை வைத்துத் தைத்தார்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டினார்கள். காயம் ஆறி முடி வளர்ந்த பிறகு கிடா நன்றாகவே நடந்தது.

என் மனைவி திரும்பி வந்து பார்த்துவிட்டு, மகளுக்கு டெங்கு வந்தபோது செல்லியம்மனுக்கு நேர்ந்துவிட்டது அந்தக் கிடாவைத்தான் என்று சொன்னாள். எதை நேர்ந்துவிட்டாள் என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது திருப்பித் தந்துவிடுவார்கள் என்று அவளிடம் பொய் சொல்லி வைத்தேன். அப்போதைக்கு வாயை அடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

ஆடி வந்ததும், கூடப் பிறந்த கிடாவையே வெட்டிவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள், “நேர்ந்துவுட்டது அது. பதிலுக்கு வேற ஒண்ண வெட்டினா புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நாளிக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ சொல்லுவியா?” என்று கேட்டாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அம்மனுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கக் கூடாது, மையத்து ஆபீசுக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன என்று அன்றைக்கு என் புத்திக்குப் பட்டது. அந்த வார்த்தையை இங்கே சொல்லும்போது நாக்கு கூசுகிறது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மையத்தில் யாரும் இல்லாதபோது, வீட்டுக் கிடாவைச் சின்ன யானை வண்டியில் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிட்டு, நேர்ந்துவிட்ட கிடாவை ஏற்றிக்கொண்டேன். அதன் காது வில்லையைக் கழற்றி வீட்டுக் கிடாவின் காதில் மாட்டினேன். அதன் பிறகு, தையல் தழும்பு இருக்க வேண்டுமே என்று இதன் பின்னங்காலில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். குட்டியிலிருந்து என் கையில் வளர்ந்ததால், கயிறு கட்டாமலே அது நின்றது. கத்தவில்லை. நான் செய்ததிலேயே அதுதான் கேவலம் என்று எனக்குத் தோன்றுகிறது, சட்டத்தில் அது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

மையத்தில் அறுத்துத் தைத்த மாதிரி உடம்பில் கத்தி பட்ட கிடா அம்மனுக்கு ஆகாது. அது தெரிந்தும் பூசாரியிடமோ மனைவியிடமோ வாய் திறக்கவில்லை. ஆக, எந்த அம்மனுக்குப் பயந்து ஆபீசை ஏமாற்றினேனோ அந்த அம்மனையும் ஏமாற்றினேன்.

கிடா வெட்டி, பந்தி நடந்தது. என் மைத்துனர் ஜெகதீசன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தவர், “இன்னா மச்சான், எலும்புல சுண்ணாம்பு கீது” என்று என்னிடம் காட்டினார். எலும்பில் போட்ட ஓட்டை போட்டபடியே இருந்தது. உள்ளே வைத்தது வெள்ளையாக உதிர்ந்து சோற்றில் விழுந்தது. கீர்த்தனா சொன்ன மாதிரி எதுவும் அதைப் பிடித்து வளரவில்லை என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. கிடாவுக்கு ஏதோ நோவு என்று சொல்லி, அவர் இலையை நானே எடுத்துப்போய், எலும்பை மட்டும் துணியில் சுற்றி எருக்குழி ஓரம் புதைத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

அதன் பிறகு ஆவணி நடுவில், மையத்தில் உள்ள கிடாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கீர்த்தனா ஓடி வந்து படத்தைக் காட்டி, “அண்ணா, இங்க பாருங்களேன், ஓட்டை போட்ட எடமே தெரியல. நீங்க பாத்துக்கிட்டதாலதான்” என்று சொல்லி எனக்கு முதல் மைசூர்பாகைக் கொடுத்தார். ஓட்டையே போடாத காலில் ஓட்டை எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மைசூர்பாகைத் தின்றேன்.

அதன் பிறகு இந்தக் கலவையை மனிதர்களுக்கு வைக்க அனுமதி கேட்டிருப்பதாகவும், டாக்டர்கள் ஆளைத் தேர்வு செய்வதாகவும் மையத்தில் பேசிக்கொண்டார்கள். போன வாரம், முட்டுக்காட்டில் மீன் பிடிக்கும் கலையரசன் என்பவர், வயது முப்பதுக்குள் இருக்கும், கட்டையை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு சேராமல் இருக்கிறவர். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதை வேண்டாம் என்றுவிட்டு இதற்காகக் காத்திருப்பதாகவும், இனியும் தள்ளினால் காலையே எடுக்கும்படி ஆகலாம் என்றும் அவரே சொன்னார். எக்ஸ்ரே எடுத்த கிடாவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சிரமப்பட்டுக் குனிந்து அதன் காலைத் தடவி, “இன்னா தலைவரே, எனக்கு முன்னாடி போட்டுக்கினது நீதானா? நீ நடக்கற இல்ல, அப்ப நானும் நடப்பேன்” என்று சொன்னார். தடவியது என் பிளேடு பட்ட இடத்தை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கீர்த்தனாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லாததால், போலீசில் சொன்னால் நீங்கள் சொல்லிக்கொள்வீர்கள் என்று இன்று காலை இங்கு வந்தேன். உதவி ஆய்வாளர் கேட்டுவிட்டு, கீர்த்தனாவைப் போனில் அழைத்து, என் எதிரிலேயே முழுவதையும் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். எலும்பு எங்கே என்று மட்டும் கேட்டாராம்.

அதன் பிறகு நான், ஒரு காவலர், கீர்த்தனா மூவரும் என் வீட்டுக்குப் போனோம். எருக்குழி ஓரம் நானே தோண்டி எலும்பை எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கீர்த்தனா எலும்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்த எலும்பில் முழுதாக எதுவும் சொல்ல முடியாது என்றும், ஆனாலும் ஓட்டையின் ஓரத்தில் எலும்பு வளரவே இல்லை என்றும் காவலரிடம் சொன்னார். என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. கிளம்பும்போது, “கலையரசன் கிட்ட யார் சொல்றது?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வண்டியில் ஏறிய பிறகுதான் நான் சொல்கிறேன் என்று சொன்னேன்.

ஐயா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் என்னை மிரட்டவில்லை, இதில் உள்ளது எல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டதும் கலையரசன் வீட்டுக்குப் போகிறேன். இன்னொருவர் துணைக்கு வரட்டுமா என்று ஐயா கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனதும் கிடாவைப் பற்றிக் கலையரசனே முதலில் விசாரிப்பார்.

(ஒப்பம்) ச. அப்பாசாமி

என் முன்பாக: ராஜாராம், உதவி ஆய்வாளர்