ஆறாவது தூதருக்கு ஒரு கடிதம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா பக்தவச்சலம் அவர்களே, தந்தையை இழந்து நிற்கும் கலீம் அண்ணன் அவர்களே, கலங்கி அமர்ந்திருக்கும் திருத்தணிப் பெரியோர்களே, வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியாகிய நான், மறைந்த ஜமீல் அகமது அவர்களைப் பற்றி உள்ளதை உள்ளபடியே சொல்லப்போகிறேன். ஒன்றையும் கூட்டமாட்டேன்; ஒன்றையும் மறைக்கமாட்டேன்.

அதனால் முதலில் ஒரு திருத்தம். வாசல் பேனரில் 'முன்னாள் தூதரக அதிகாரி' என்று இருக்கிறது. எங்கள் பாய் மாமா அதிகாரி அல்ல. வளைகுடாவில் நம் நாட்டுத் தூதரகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவர். நான்கு தூதர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர், நால்வரையும் வழியனுப்பியவர். "நாலு பேர்ல ஒருத்தருக்கும் திருத்தணி எங்க கீதுன்னு தெரியலம்மா. சிக்னல்ல வண்டி நிக்கும்போது நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று சிரிப்பார்.

புதுத் தூதர், முதல் வாரம் மட்டும் வாழ்த்துக் கடிதங்களைத் தாமே பிரித்துப் படிப்பார் என்பது பாய் மாமாவுக்குத் தெரியும். ஊர் திரும்பிய பிறகு ஐந்தாவது தூதர் வந்தார். பாய் மாமா வாழ்த்து எழுதினார். முதல் வரி வாழ்த்து. இரண்டாம் வரியிலிருந்து, அங்கே சிக்கிக்கொண்ட நம் ஊர்க்காரர்களின் பெயர்கள்! பூபாலன் அண்ணன் இன்று நம் நடுவே உட்கார்ந்திருக்கிறாரே, எப்படி வந்தார்? அந்தக் கடிதத்தால் வந்தார்!

என் நைனா வெங்கடேசன் இன்னும் வரவில்லை. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஐந்தாவது தூதர் விசாரிக்கத் தொடங்கினார். அதற்குள் மாற்றலாகிப் போனார். அம்மா அழுதார்.

"அழுதுகினே இருந்தா லெட்டர் எழுத முடியுமா? பாஸ்போர்ட் நம்பர் சொல்லு சுஜாதா" என்றார் பாய் மாமா.

"போன வாட்டியே சொன்னனே பாய்."

"ஆங், சொன்ன. வரப்போறவரு புது ஆளும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

அந்தப் புதியவர் வருகிற திங்கட்கிழமை பொறுப்பேற்கிறார். பாய் மாமாவோ சென்ற செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். துக்கம் காத்து வீட்டிலிருக்கும் அவர் மனைவி ஹுசைனா அத்தை, மேசையில் கிடந்த கடிதத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். ஏழு பெயர்கள் இருக்கின்றன. கையெழுத்து இல்லை. அவர் பெயரை அந்தத் தூதரகத்தில் காவலர்கூட அறிவார். நம் பெயரை அங்கே யார் அறிவார்?

அறியட்டும்! ஏழு வீட்டாரும் மேடைக்கு வாருங்கள். அவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவந்த இடத்தில் நாம் எல்லோரும் போடுவோம். இவரும் மாறிப்போனால் அடுத்தவருக்கு முதலிலிருந்து எழுதுவோம். நைனா வரும்வரை, எல்லோரும் வரும்வரை, எழுதுவேன். இது உறுதி.

பின்குறிப்பு: ஆறு வீட்டார் கையெழுத்திட்டார்கள். கே.ஜி.கண்டிகை பஸ் தாமதமாகி, ஏழாவது வீட்டு ஜெயம்மா அக்கா கடைசியாக ஓடிவந்தார். ஒவ்வோர் எழுத்தாக அவர் தன் பெயரை எழுதினார். கலீம் அண்ணன் செல்போன் வெளிச்சத்தைத் தாளின்மேல் பிடித்திருந்தார். கூட்டம் முடிந்து, கூடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள்.