டாலெஃப்சன் தம்பதியின் விடுமுறை

விடுமுறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் ஒரு ஜோடி செருப்பு எடுத்துப்போகிறார்கள். இருபது வருஷத் தொழிலில் நான் கண்ட ஒரே பொது உண்மை அதுதான். நீங்கள் மூன்று ஜோடி எடுத்துப்போனீர்கள், கிர்பி. உங்கள் மனைவி சொல்லிச் சிரித்தார்.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரிலிருந்து எங்கே போவதென்றாலும் மினியாபொலிஸில் ஒருமுறை இறங்கி ஏறத்தானே வேண்டியிருக்கிறது.

என் பெயர் மார்லிஸ் ஆஸ்ட்பி, வயது ஐம்பத்தாறு, பயண ஏஜென்ட். எந்தக் கம்பெனிக்கும் கீழே இல்லாமல், வீட்டிலிருந்தே, தனியாகச் செய்கிறேன். அப்படிச் செய்பவர்களுக்கு முதலில் வேண்டியது தொலைபேசி என்று நினைப்பீர்கள். இல்லை, வீடு. நான் அப்போது இருந்தது பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு டிரெய்லர், சக்கரத்தின் மேல் நிற்கிற தகர வீடு. ஃபேக்ஸ் இயந்திரம் துணி துவைக்கிற இயந்திரத்தின் மேல் இருந்தது. ஹவாய்க்குப் போக ஆசைப்பட்டு வருகிறவர்கள் அந்த டிரெய்லருக்குள் தலைகுனிந்து நுழைவார்கள். சுற்றிப் பார்ப்பார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு, சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துபோவார்கள். இங்கே யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. உங்களுக்கே தெரியும்.

டாலெஃப்சன் தம்பதி மட்டும் அப்படி நகரவில்லை. ஆரின் செயின்ட் பாலில் தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். எழுபதை ஒட்டிய வயது, பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றாறு இலையுதிர்காலத்தில் ஏரிக்கரை வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் கோடையில் மட்டும் ஆள் வரும் மரக்குடில்கள். அவர்கள் முகம் யாருக்கும் பழகுவதற்குள் பனி விழுந்துவிட்டது. ஜனவரியில் இரண்டு வாரம் கரீபியன் கடலில் ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்துகொடுத்தேன். டிக்கெட்டைக் கையில் வாங்கி ஆரின் வெகுநேரம் பார்த்தார். "பரவால்ல, மோசமில்ல" என்றார். இந்த ஊர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெர்னா வீட்டுச் சாவியைக் கொடுத்து, ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

அவர்கள் போன நாலாம் நாள் குளிர் மைனஸ் நாற்பதுக்கு இறங்கியது. என் டிரெய்லரில் தண்ணீர்க் குழாய் வெடித்து ஃபேக்ஸ் நனைந்துவிட்டது. மூன்றே நாளைக்கு என்று நினைத்துத்தான் ஃபேக்ஸைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு நீளமான மேஜை. அதன் எதிரே ஏரி முழுக்கத் தெரிகிற கண்ணாடி. மறுநாளே ஒரு தம்பதி தேடிக்கொண்டு வந்தார்கள். கோட்டைக் கழற்றினார்கள், உட்கார்ந்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள். "இப்படி ஒரு எடத்துல இருக்கறவங்களுக்குத்தான் விடுமுறைன்னா என்னன்னு தெரியும்" என்றார் அந்த அம்மாள். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லவே இல்லை.

நீங்களும் உங்கள் மனைவியும் அந்த வருஷம் மார்ச்சில் வந்தீர்கள். டுலூத்திலிருந்து இந்த ஊர் போலீஸுக்கு மாற்றலாகி வந்த புதிது. தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். நான் பரிமாறிய எலுமிச்சைக் கேக் துண்டுகளில் ஐந்து சாப்பிட்டீர்கள்.

நான் முன்னால் ஓடிவிட்டேன். டாலெஃப்சன் தம்பதி ஜனவரிக் கடைசியில் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் கப்பலுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். குழாய் வெடித்துவிட்டது, தண்ணீர் நிற்கிறது, இப்போது வர வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. குழாய் வெடித்தது நிஜம். யாருடைய குழாய் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். "சரி, உனக்குத்தான் சிரமம்" என்று ஆரின் பதில் அனுப்பினார்.

அதற்குப் பிறகு தரைப் பலகை காய வேண்டியிருந்தது. ஏப்ரலில் பனி உருகிப் பாதை அரித்துப்போனது. கோடையில் பரணில் வௌவால் குடியேறிவிட்டது. குட்டிகள் பறக்கிறவரை அவற்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. பரணில் வௌவால் இருந்தது, நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு காரணத்தையும் யோசித்து, அவர்கள் மனம் நோகாதபடி எழுதினேன். அலாஸ்காவுக்கு அனுப்பினேன், பிறகு நார்வே, பிறகு கிரேக்கத் தீவுகள். கட்டணத்தைத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்ட அவர்களே எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதங்கள் உங்களிடம் இருக்கின்றன, அதைப் பற்றி நான் பேசவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: இரண்டு வருஷத்தில் ஒரு விமானம் தவறவில்லை, ஒரு பெட்டி தொலையவில்லை. தபால்துறைக்காரர் ஒருவரும் பள்ளிக்கூடச் சமையற்காரி ஒருவரும் நாற்பத்தொரு துறைமுகம் பார்த்துவிட்டார்கள்.

ஆரினுக்குத்தான் கொஞ்சம் ஏக்கம் வந்துவிட்டது. இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு தபாலட்டை எழுதினார். படத்தில் பனைமரம். பின்பக்கத்தில், பனி அள்ள வேண்டும் போல இருக்கிறது, ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு கனம் இருக்கும், துளைபோட்டு மீன்பிடிக்கிற குடிசைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று கேட்டிருந்தார். பனிக்கட்டி இந்த வருஷம் சரியாகப் பிடிக்கவில்லை, மனம் சங்கடப்படுவீர்கள், வராமல் இருப்பதே நல்லது என்று பதில் போட்டேன். அதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே ஏரியின் நடுவில் பனிக்கட்டியின் மேல் லாரி ஒன்று நின்றிருந்தது.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில், மதீரா தீவுக்கு அருகில், காலைச் சிற்றுண்டிக்குப் போகிற வழியில் ஆரின் மேல்தளத்தில் விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. கரைக்குக் கொண்டுபோய் எரியூட்டினார்கள். வெர்னா அங்கிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மார்லிஸ், ஆரின் போயிட்டாரு" என்றார். நான் என் வருத்தத்தைச் சொன்னேன். வருத்தம் நிஜமாகவே இருந்தது. பிறகு அவர், "நான் வீட்டுக்கு வரேன். குழாயோ வௌவாலோ, எது இருந்தாலும் பரவால்ல" என்றார்.

எனக்கு அன்று பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் வரவிருந்தார்கள். மேஜைமேல் நல்ல துணி விரித்திருந்தேன்.

"வெர்னா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்" என்றேன். "வீடு எரிஞ்சு போச்சு."

தொலைபேசியில் கடல்காற்று மட்டும் கேட்டது.

"கரையில அவரோட படகு?" என்று கேட்டார்.

"படகு நல்லா இருக்கு. படகுக்கு ஒண்ணும் ஆகல."

"அது போதும்" என்றார் வெர்னா.

அவருக்கு நூற்றுநாலு நாள் உலகப் பயணம் ஒன்றில் இடம் பிடித்தேன். தனியாகப் போகிறவர்களுக்குக் கப்பலில் நல்ல அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் ஒரு முழு நாள் தொலைபேசியில் மல்லுக்கட்டி, பால்கனி வைத்த அறையாகவே வாங்கினேன். கணவனை இழந்த அம்மாளுக்கு இந்தத் தொழிலில் வேறு யார் அப்படி மெனக்கெட்டிருப்பார்கள்?

மே மாதம் அவர் கப்பலைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை. பஸ்ஸில் ஊர்வரை வந்து, அங்கிருந்து ரொட்டி வண்டிக்காரரிடம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். நான் முன்னறையில் ஒரு கணவன் மனைவிக்கு ஹவாய் காட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார். வெயிலில் கறுத்து, மெலிந்து, தலை முழுக்க வெள்ளையாகி நின்றார். கையில் ஒரு சின்னப் பெட்டி. என்னைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"எரியலையே" என்றார்.

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹவாய் ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம் அது. "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"மார்லிஸ், நான்தான். வெர்னா."

"உள்ள வந்து உக்காருங்க, காபி தரேன்" என்றேன். வெளியே குளிர்காற்று இருந்தது, வயதானவரை நிற்கவைத்துப் பேசுவது முறையில்லை. காபி கொடுத்தேன். அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னோட கோப்பை" என்று அந்தக் கணவன் மனைவியிடம் சொன்னார். "இது என்னோட வீடு. இவ செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவ." அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் லேசாகத் தலையை ஆட்டினேன், பாவம் என்கிற மாதிரி. பிறகு சமையலறைக்குப் போய் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

நீங்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டீர்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பேசினீர்கள். அவருடைய லைசென்ஸில் செயின்ட் பால் விலாசம் இருந்தது. வண்டியிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டுப் பார்த்தீர்கள். அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றார்கள். பெட்டியில் என்ன என்று கேட்டீர்கள்.

"என் புருஷன்" என்றார். அது அவருக்குச் சாதகமாக அமையவில்லை.

"வீடு எரிஞ்சு போச்சுன்னு இவதான் சொன்னா. இவ என்னோட டிராவல் ஏஜென்ட்" என்றார் உங்களிடம்.

நீங்கள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "இந்த ஊர்ல எல்லாருக்கும் இவங்கதாம்மா ஏஜென்ட். எனக்கும்தான். நான் இந்த மேஜையிலதான் உக்காந்து தேனிலவுக்கு டிக்கெட் போட்டேன்" என்றீர்கள். நீங்கள் அன்று நிலப் பதிவேட்டைப் பார்த்திருக்கலாம். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து எலுமிச்சைக் கேக் சாப்பிட்ட வீட்டுக்கு யார் போய்ப் பதிவேடு பார்ப்பார்கள்?

வெர்னா அழவில்லை, சத்தம் போடவில்லை. படகை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அன்று அந்தக் கணவன் மனைவி ஹவாயை உறுதி செய்தார்கள். இவ்வளவு பொறுமையாக நடந்துகொண்டீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பத்து மாதம் வியாழக்கிழமைதோறும் இல்லத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஒரு வாரம் தவறவில்லை. வேறு யாரும் அவரைப் பார்க்க வரவில்லை என்பதை அங்கிருக்கும் நர்ஸுகளே சொல்வார்கள். என்னோடு அவர் பேச மாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நான் கொண்டுபோன பண்டத்தைத் தட்டோடு நகர்த்தி வைத்துவிடுவார். எனக்கு அது வருத்தம்தான், ஆனால் வயதானவர்கள் அப்படித்தான்.

போன வாரம் அவர் உங்களிடம் சொன்னது என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. சமையலறையில் மளிகைச் சாமான் வைக்கிற அலமாரி, அதன் கதவின் உள்பக்கம், வலது மூலை. அந்த ஒரே இலையுதிர்காலத்தில் ஆரின் பிடித்த மீன்களின் நீளமும் தேதியும் பென்சிலில் எழுதியிருக்கும், பதினாலு மீன், கீழே அவர் பெயர். நீங்கள் வந்து கதவைத் திறந்து, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். எண்ணி முடித்த பிறகும் திரும்பவில்லை. நான் உங்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு நீங்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

வீடு முழுக்கச் சாயம் அடித்தபோது அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டேன். ஒருவர் எழுதிவைத்ததை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆளில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வந்தது வெர்னா என்று எனக்குத் தெரியுமா? தெரியும். கதவைத் தட்டுவதற்கு முன்பே தெரியும். ரொட்டி வண்டியிலிருந்து இறங்கியபோதே, இடது காலைச் சற்று இழுத்து நடக்கிற நடையிலேயே தெரிந்துவிட்டது. அவர் பாதையில் நடந்து வந்து சேர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். என்ன சொல்வது என்று அந்த ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தேன். அதற்குப் பிறகு பத்து மாதத்தில் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நாளைக்கு அவரை இல்லத்திலிருந்து அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எனக்கு மனதில் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். மாடியில் கிழக்குப் பக்கத்து அறையில் காலை வெயில் நன்றாக வரும், போர்வைகள் துவைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் என் விருந்தாளியாக இருக்கட்டும். பத்திலிருந்து நாலு மணிவரை மட்டும் முன்னறைப் பக்கம் வராமல் இருந்தால் போதும். வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்.